மனநலத் தொண்டு நிறுவனத்தின் நிதி திரட்டும் நிகழ்ச்சிக்கு உதவப் போகிறேன்: என்ன தெரிந்துகொண்டு போக வேண்டும்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண் கேட்டிருக்கிறார். சென்னையில் மனநலம் பாதிக்கப்பட்டவர்களுக்காக இயங்கும் ஒரு தொண்டு நிறுவனம் டிசம்பரில் கச்சேரி வைத்து நிதி திரட்டுகிறது. அதற்குத் தன்னார்வலராகப் பெயர் கொடுத்திருக்கிறார். "என்ன வேலை கொடுப்பார்கள்? மனநோய் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. சிகிச்சையில் இருப்பவர்களும் அன்று வருவார்களாம். ஏதாவது தப்பாகப் பேசிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது."

இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளில் 14 வருடமாக உதவி வருகிறேன், பெரும்பாலும் ரசீது மேசையில். நான் மருத்துவர் இல்லை. அந்த மேசைக்கு எதிரே நின்று பேசியவர்களிடம் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

வேலை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. வாசலில் டோனர் பாஸ் (நன்கொடை கொடுத்தவர்களுக்கான நுழைவுச் சீட்டு) பார்ப்பது, வந்தவர்களை உட்கார வைப்பது, விழா மலர் கொடுப்பது, ஸ்டாலில் நிற்பது, ரசீது போடுவது, இடைவேளையில் காபி. எல்லாம் அரை மணி நேரத்தில் பழகிவிடும். பழக நாளாவது வேறு ஒன்று. வந்திருப்பவர்களில் நிறையப் பேர் வீட்டில் இந்த நோய் இருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் பேச வேண்டும். பெங்களூரில் இருக்கிற மத்திய அரசு மனநல நிறுவனம் நிம்ஹான்ஸ், 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு மனநலப் பாதிப்போடு இருப்பதாக அதில் தெரிந்தது. அவர்களில் சிகிச்சை கிடைக்காமல் இருப்பவர்கள், நோய்க்கு நோய் வேறுபட்டாலும், 70 முதல் 92 சதவீதம் வரை. இது பொதுவாக மக்களிடம் எடுத்த கணக்கு. மனநலத்துக்காக நடக்கும் கச்சேரிக்குத் தேடி வருகிற கூட்டத்தில் இன்னும் கூடுதலாக இருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். பாட்டுக் கேட்க மட்டும் வந்தவர்கள் போலத்தான் இருப்பார்கள். அவர்களாகச் சொல்லாமல் உங்களுக்குத் தெரியாது.

எனக்கு அது இரண்டாவது வருடம் என்று நினைக்கிறேன். வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர் மேசைக்கு வந்தார். 500 ரூபாய் கொடுத்தார், ரசீது வாங்கினார், போகவில்லை. மலரைப் புரட்டினார். பக்கத்து ஸ்டாலில் பருப்புப் பொடி என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே விலையைக் கேட்டார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது, எனக்குப் படபடப்பு. மூன்றாம் தடவை குனிந்து, குரலைத் தாழ்த்தி, "ஆளைக் கூட்டிட்டு வராம, நான் மட்டும் வந்து டாக்டர்கிட்ட பேச முடியுமாம்மா?" என்றார். மகன் எட்டு வருடமாக அறையை விட்டு வெளியே வருவதில்லையாம். சாப்பாட்டுத் தட்டைக் கதவருகே வைத்துவிட்டு வருகிறாராம். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். சொந்தக்காரர்களிடம் பையன் பெங்களூரில் வேலையில் இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறார். பொடி விலையை மூன்று தடவை கேட்டது, என் முன்னால் நிற்க ஒரு காரணம் வேண்டும் என்பதற்காக.

அப்படி ஒருவர் வந்தால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுங்கள். ரசீது புத்தகத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு, அவரைக் கொஞ்சம் ஓரமாகக் கூட்டிப் போங்கள். வரிசையில் நின்றுகொண்டு யாராலும் இதைப் பேச முடியாது. பெயர், ஊர், எங்கே வேலை என்றெல்லாம் விசாரிக்க வேண்டாம். "எல்லாம் சரியாயிடும் சார்" என்று சொல்ல வேண்டாம். "யோகா பண்ணச் சொல்லுங்க", "கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்" என்கிற யோசனைகளை அவர் ஏற்கெனவே நூறு பேரிடம் கேட்டிருப்பார். கல்யாண யோசனை எத்தனை வீடுகளில் இரண்டு பேர் வாழ்க்கையைக் கெடுத்திருக்கிறது என்று நேரில் பார்த்தவள் நான். நோய்க்குப் பெயர் வைப்பதும் உங்கள் வேலை இல்லை. கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டு முடித்ததும், அன்று ஹாலில் இருக்கும் சமூகப் பணியாளரிடம் நீங்களே கூட்டிப்போய் அறிமுகம் செய்துவையுங்கள். "அதோ அந்த நீலப் புடவை மேடம்" என்று கையைக் காட்டினால் பாதிப் பேர் அந்தப் பக்கம் போகாமல் வாசல் பக்கம் போய்விடுவார்கள்.

அதனால் தன்னார்வலர் கூட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, சமூகப் பணியாளர் யார், எங்கே உட்கார்ந்திருப்பார் என்பதுதான். புறநோயாளிகள் நாள், நேரம், தொலைபேசி எண் அச்சிட்ட சிறு அட்டைகளையும் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416 மனப்பாடமாக இருக்கட்டும். 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கப்பட்ட சேவை அது. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். பெரியவர் கேட்ட கேள்விக்குப் பதில்: பேசலாம். நோயாளி வர மறுக்கும்போது குடும்பத்தினர் மட்டும் முதலில் வந்து பேசுவதும், பிறகு சமூகப் பணியாளர் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதும் இந்தத் துறையில் வழக்கம்தான். அவருக்கு அது தெரியாது. எட்டு வருடம் அது தெரியாமலே போயிருக்கிறது.

பேச்சில் குணசீலம் வரும், சோளிங்கர் வரும், ஏர்வாடி வரும், மனநோய் தீரும் என்று நம்பிக் கூட்டிப்போகிற கோயில்களும் தர்காவும். உங்கள் வயதில் எனக்கு அதைக் கேட்டாலே கோபம் வந்தது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஒரு காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். அந்த நாளை மறக்கவே கூடாது. ஆனால் எதிரில் நிற்கிற அம்மாவிடம் அதைச் சொல்லிக் குத்திக்காட்டாதீர்கள். அவர் மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போனது வேறு எங்கே போவது என்று தெரியாததால். சாமியும் கும்பிடட்டும், மாத்திரையும் போடட்டும். ஏர்வாடி தர்காவிலேயே பின்னாளில் அரசு மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் வந்து மருந்து கொடுக்கும் ஏற்பாடு நடந்தது. இரண்டும் சேர்ந்து போகலாம் என்று சொன்னாலே பல குடும்பங்களுக்கு மூச்சு வரும்.

சரி, சிகிச்சையில் இருப்பவர்களோடு எப்படிப் பழகுவது என்று கேட்டீர்கள். இங்கே நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். ஒரு வருடம் என்னை ஸ்டாலில் போட்டார்கள். தொழிற்பயிற்சிப் பிரிவில் செய்த துணிப்பை, மெழுகுவத்தி, பேப்பர் கவர், பொடி வகைகள். கூடவே இருந்தவர் அங்கே சிகிச்சை பெற்றுத் தேறி, அந்தப் பிரிவிலேயே வேலை செய்யும் ஒரு அக்கா. 45 வயது இருக்கும். இடைவேளையில் கூட்டம் அம்மியது. அவர் மீதிச் சில்லறையை எண்ணும்போது கை நடுங்கியது, மெதுவாக எண்ணினார். ஒரு பத்து ரூபாய் நாணயம் மேசையில் உருண்டது. "விடுங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்று பணப்பெட்டியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். உதவி செய்கிற நினைப்புதான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு இடைவேளை முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். கூட்டம் கலைந்த பிறகு, என்னைப் பார்க்காமல், "நான் ஒம்பது வருஷம் துணிக்கடையில கேஷ்ல இருந்தவ. கை நடுங்குதே தவிர கணக்குத் தப்பாது" என்றார்.

அன்றைக்கு என் பக்கம் கணக்கில் 40 ரூபாய் குறைந்தது. அவர் எழுதிய வரைக்கும் சரியாக இருந்தது.

மனநோய்க்கான மருந்துகளில் சிலவற்றுக்குக் கை நடுக்கம், நடை தளர்வது, வாய் உலர்வது, தூக்கக் கலக்கம், முகம் இறுகினாற்போலத் தெரிவது என்று பக்க விளைவுகள் உண்டு. பார்க்கிறவர்கள் அதை நோய் என்றோ, அறிவுக் குறைவு என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். மெதுவாகப் பதில் வந்தால் காத்திருங்கள். அவரைப் பற்றி அவருக்கு முன்னால் வேறு ஒருவரிடம் கேட்காதீர்கள். "இவங்க சாப்பிட்டாங்களா?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பதைவிட, "சாப்பிட்டீங்களாக்கா?" என்று அவரிடமே கேட்டால் ஆயிற்று. குழந்தையிடம் பேசுகிற குரல் வேண்டாம். எத்தனை வருடமாக நோய், என்ன நடந்தது என்று அவராகச் சொன்னால் தவிர நீங்கள் கேட்க வேண்டாம். கச்சேரி எப்படி இருந்தது என்று கேளுங்கள். ராகம் சரியாகச் சொல்லி உங்களைத் திகைக்க வைப்பவர்கள் அங்கே இருப்பார்கள்.

இரவு மாத்திரை நேரம் என்று ஒன்று இருக்கிறது. அவர்களுக்கான வேன் பெரும்பாலும் நிகழ்ச்சி முடிவதற்கு முன்பே கிளம்பும். சிறப்பு விருந்தினர் பேச்சு நீண்டுகொண்டே போனாலும் அதற்காக அவர்களை உட்கார வைக்காதீர்கள். பின்னாளில் கடற்கரை நடைப்பயணம் மாதிரி எதிலாவது உதவப் போனால் தண்ணீர் விஷயத்தில் கவனமாக இருங்கள். லித்தியம் என்கிற மனநோய் மருந்தை எடுத்துக்கொள்பவர்களுக்கு உடம்பில் நீர் வற்றினால் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும், அது ஆபத்து. வேறு சில மருந்துகள் எடுப்பவர்களின் தோல் வெயிலைத் தாங்காது. பெசன்ட் நகரில் காலை எட்டு மணி வெயில் உங்களுக்கு ஒன்றுமில்லாமல் இருக்கலாம்.

வார்த்தைகள். மெண்டல், லூசு, பைத்தியம் எல்லாம் நம் வாயில் நாள் முழுக்கப் புழங்குகிற சொற்கள், விளையாட்டுக்குக்கூட அன்று வேண்டாம். சென்னைக்காரர்களுக்கு இன்னொன்று உண்டு: கீழ்ப்பாக்கம். 1794இல் தொடங்கி, 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் இருக்கிற ஒரு மருத்துவமனையின் இடத்தின் பெயரே இந்த ஊரில் வசவாகிவிட்டது. ஒரு நிகழ்ச்சியில் தொகுப்பாளர் உற்சாகத்தில், "கைதட்டலைன்னா எல்லாரையும் கீழ்ப்பாக்கம் அனுப்பிடுவோம்" என்றார். அரங்கில் சிரிப்பும் எழுந்தது. நான்காம் வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்து, மகன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு வருடமும் தொகுப்பாளர் யாராக இருந்தாலும், மேடையேறுவதற்கு முன் ஐந்து நிமிடம் அவரிடம் பேசிவிடுகிறேன். உங்கள் நிகழ்ச்சியில் அதை யாரும் செய்யவில்லை என்றால் நீங்கள் செய்யுங்கள். வயது சின்னது என்று தயங்க வேண்டாம்.

புகைப்படம் எடுக்காதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநல நிலையத்தில் சிகிச்சையில் இருப்பவரின் புகைப்படத்தையோ தகவலையோ அவர் சம்மதமில்லாமல் ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாது. சட்டம் இருக்கட்டும், உங்கள் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் பின்னணியில் தெரிகிற முகம் யாரோ ஒருவருடைய அலுவலகத்தில், யாரோ ஒருவருடைய சம்பந்தி வீட்டில் போய் நிற்கும். மேடையையும் கோலத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

இனி பணம். ரசீது மேசையில் போட்டால் இவை தெரிந்திருக்க வேண்டும். நன்கொடைக்காக வருமான வரியில் கழிவு (80ஜி என்பார்கள்) கேட்பவர்களுக்குப் பெயர், முகவரி, பான் எண் சரியாக வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தக் கழிவு கிடையாது. காசோலை, யுபிஐ என்று போகச் சொல்லுங்கள். புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கும் கழிவு இல்லை. அரிசி, புடவை, சக்கர நாற்காலி என்று பொருளாகக் கொடுத்தாலும் இல்லை. ஸ்டாலில் வாங்கிய பொருளுக்கு பில் உண்டு, நன்கொடை ரசீது கிடையாது. இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிறகு மனக்கசப்பு வராது. டிசம்பர் என்பதால் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் நிறைய இருப்பார்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் என்றால் பிரச்சினை இல்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட மாமா நம் ரூபாயாகவே நீட்டினாலும் சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடை, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓசிஐ அட்டை இருந்தாலும் அப்படித்தான். அதற்கான பதிவு பெற்ற நிறுவனங்கள்கூட டெல்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில் உள்ள கணக்கில்தான் முதலில் வாங்க முடியும். "கொஞ்சம் இருங்க மாமா, கணக்கர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிடுங்கள். உங்கள் சொந்த ஜிபேயில் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள், ஸ்கேனர் வேலை செய்யவில்லை என்று எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.

சிலர் பெரிய தொகை கொடுத்துவிட்டு, "பேர் வேண்டாம்" என்பார்கள். தன்னடக்கம் என்று முதலில் நினைத்தேன். பாதிப் பேருக்குக் காரணம் வேறு: மலரில் பெயர் வந்தால் இவர் ஏன் மனநோய்க்குக் கொடுத்தார் என்று ஊர் யோசிக்கும். பெயரே இல்லாத நன்கொடை ஓர் அளவுக்கு மேல் போனால் அறக்கட்டளை அதற்கு 30 சதவீதம் வரி கட்ட வேண்டிவரும், அதனால் கணக்கில் பெயர் வேண்டும். "ரசீதுல மட்டும் பேர் இருக்கும், மலர்ல, போர்டுல எங்கயும் வராது" என்று மெதுவாகச் சொல்லி, மலர்க் குழுவிடம் அதைக் கையோடு எழுதிக் கொடுத்துவிடுங்கள். வாய்மொழியாக மட்டும் சொன்னால் பெயர் அச்சாகிவிடும்.

பணம் எங்கே போகிறது என்று கேட்பார்கள், கேட்கட்டும். பிறந்தநாளுக்கு ஒருவேளைச் சாப்பாடு, அப்பா திதிக்கு ஒருநாள் சாப்பாடு என்று கொடுக்க நம் ஊரில் மனது நிறைய உண்டு. அது வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். ஆனால் இந்த நோய்க்கு முக்கியச் செலவு ஆட்கள். பல வருடம் விடாமல் மருந்து போக வேண்டும். மாத்திரை தீர்ந்து வராதவரைத் தேடி வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்ட ஒருவர் வேண்டும். வேலை பழக்க, வேலை கொடுக்கிற முதலாளியிடம் பேச ஒருவர் வேண்டும். அந்த ஒருவரின் சம்பளத்துக்குக் கொடுக்கிறேன் என்று முன்வருபவர்கள் குறைவு. அதனால் யாராவது "எதுக்குக் கொடுத்தா உபயோகமா இருக்கும்?" என்று கேட்டால் நான் தயங்காமல் சமூகப் பணியாளர் சம்பளம் என்று சொல்லிவிடுவேன்.

இது புதிதாக வந்த யோசனை இல்லை. டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்பட்டவர், கீழ்ப்பாக்கம் மருத்துவமனைக்குப் பல வருடம் தலைமை வகித்து ஓய்வு பெற்ற பிறகு 1984இல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். ஸ்கிசோஃப்ரினியா என்கிற மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கு மருந்தோடு தொழிற்பயிற்சியும் குடும்பத்துக்கு ஆதரவும் சேர்ந்தே வேண்டும் என்பது அதன் அடிப்படை. தெருவில் திரிந்த ஒரு பெண்ணுக்கு இடம் தேடி அலைந்து, எங்கும் கிடைக்காமல், வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993இல் பான்யன் அமைப்பைத் தொடங்கியபோது அவர்களுக்கு உங்களைவிடச் சில வயதுதான் கூடுதல்.

"எத்தனை பேர் குணமானாங்க?" என்றும் கேட்பார்கள். எண்ணிக்கையை நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் பார்த்துச் சொல்லுங்கள், நீங்களாக ஒன்றும் சேர்க்க வேண்டாம். சர்க்கரை, ரத்த அழுத்தம் போல மருந்தோடு நல்லபடி வாழ்கிறவர்கள் பலர், முழுக்க மீண்டவர்கள் உண்டு, இன்னும் கஷ்டப்படுகிறவர்களும் உண்டு என்று இருப்பதைச் சொன்னாலே கொடுக்கிறார்கள். இரக்கத்தைக் கிளப்பி நிறைய வாங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மேடையில் ஒருவரை நிற்க வைத்து அவர் தெருவில் கிடந்த கதையைச் சொன்னால் அன்று உண்டியல் நிறையும். மறுநாள் காலை அவர் அந்தக் கதையோடுதான் எழுந்திருக்க வேண்டும். தானே பேச விரும்பி, என்ன சொல்வது என்று தானே முடிவு செய்து வருகிறவர் பேசுவது வேறு. அதை நான் கண்கலங்கக் கேட்டிருக்கிறேன்.

கடைசியாகக் கடினமான ஒன்று. யாராவது உங்களிடம் "இருக்கவே பிடிக்கலை" என்கிற மாதிரி சொல்லலாம். நன்கொடையாளராக இருக்கலாம், கூட வந்த தன்னார்வலராக இருக்கலாம். பதறாதீர்கள், பேச்சை மாற்றாதீர்கள். "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பெரும்பாலும் கேட்டதே ஆறுதலாக இருக்கும். அதன்பின் அவரைத் தனியாக விடாதீர்கள். ஒரு நிமிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாமல், வேறு ஒருவரை அனுப்பிச் சமூகப் பணியாளரையோ மருத்துவரையோ அங்கேயே வரவழையுங்கள். ரகசியமாக வைத்துக்கொள் என்று கேட்டாலும் இதில் மட்டும் முடியாது என்று அன்போடு சொல்லிவிடுங்கள். சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பு சினேகா இதற்கென்றே இருக்கிறது, 14416உம் இருக்கிறது. அன்று இரவு வீட்டுக்குப் போனதும் உங்களுக்குத் தூக்கம் வராமல் போகலாம். மறுநாள் ஒருங்கிணைப்பாளருக்கு ஃபோன் செய்து பேசுங்கள். பெயர், அடையாளம் சொல்லாமல் அம்மாவிடமும் பேசலாம்.

அந்தப் பெரியவர் அடுத்த வாரம் புறநோயாளிகள் பிரிவுக்கு வந்தார் என்று மட்டும் எனக்குத் தெரியும். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, கேட்பதும் முறையில்லை.

அப்புறம், மெத்தென்ற செருப்புப் போட்டுக்கொண்டு வாருங்கள், ஆறு மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். பத்தும் இருபதுமாகச் சில்லறை கொஞ்சம் மாற்றிக் கொண்டுவந்தால் ஸ்டாலில் பெரிய உதவி. பொடி பாக்கெட் 90 ரூபாய், எல்லாரும் ஐந்நூறை நீட்டுவார்கள். அந்த அக்காதான் இப்போதும் பணப்பெட்டியில் இருக்கிறார். ஒவ்வொரு வருடமும் என்னைப் பார்த்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "சில்லறை கொண்டாந்தியா?"